மெரெலானிக் குன்றின் ஊதாநீலம்

மண்ணிலிருந்து எடுத்த கையோடு ஒரு தான்சனைட் கல்லை நகைக் கடைக்கு வருபவர்களிடம் காட்டினால், பெரும்பாலானவர்கள் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அநேகமாக எல்லாக் கல்லும் பழுப்புதான். கொதித்து ஆறிப்போன கட்டன் தேநீரின் நிறம். அதைச் சூளையில் வைத்துச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, மெதுவாக ஆறவிட்டு எடுத்தால் பழுப்பும் மஞ்சளும் போய்விடும். மிஞ்சுவது நீலமும் ஊதாவும். அந்தக் கலவையைப் பார்க்கத்தான் உலகம் பணத்தை எடுத்துக்கொண்டு வருகிறது.

எனக்குக் கோவையில் ஒரு பட்டறையில் கல் பதிக்கிற வேலை. வைரம், கெம்பு, மரகதம், நீலம் எல்லாம் என் மேசைக்கு வரும். தான்சனைட் எப்போதாவதுதான் வரும். வந்தால் அன்றைக்கு வேறு வேலையில் கவனம் போகாது. பட்டறையின் குழல்விளக்கில் நீலமாக இருக்கும் கல், வீட்டு மஞ்சள் விளக்குக்கு அடியில் போனால் ஊதாவாகிவிடும். வெயிலில் பிடித்துத் திருப்பினால் ஒரு பக்கம் நீலம், அடுத்த பக்கம் ஊதா. சூடேற்றாத நல்ல படிகம் என்றால் மூன்றாவதாக ஒயின் சிவப்போ பழுப்போ தெரியும். படிகத்துக்குள் நுழையும் ஒளியை ஒவ்வொரு திசையிலும் ஒவ்வொரு விதமாக அது விழுங்குவதால் வருவது இது. பல கற்களுக்கு இந்தக் குணம் கொஞ்சம் உண்டு. இந்த அளவுக்கு வெறுங்கண்ணுக்கே தெரிவது மிகச் சில கற்களில்தான்.

இந்தக் கல்லைப் பற்றி நம் ஊரில் பேசுகிறவர்கள் இரண்டே விஷயம் பேசுவார்கள். ஒன்று, சனிக்கு உகந்த நீலக்கல்லுக்குப் பதிலாகப் போடலாமா என்பது. இரண்டு, ‘இன்னும் கொஞ்ச வருஷத்தில் தீர்ந்துவிடும், இப்போதே வாங்கிப் போடுங்கள்’ என்கிற விற்பனைப் பேச்சு. இது எங்கிருந்து வருகிறது, யார் கையால் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

தான்சானியாவின் வடக்கே, அருஷா நகரத்துக்குத் தென்கிழக்கில், சிமான்ஜிரோ மாவட்டத்தில் மெரெலானிக் குன்றுகள் இருக்கின்றன. சுற்றிலும் மசாய் மக்கள் மாடு மேய்க்கும் வறண்ட சமவெளி. தெளிவான நாளில் கிளிமஞ்சாரோ தெரியும். தான்சனைட் விற்பனைக்கு எடுக்கப்படுவது உலகத்திலேயே அந்த ஒரே இடத்தில்தான். ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலம். அவ்வளவுதான்.

விளம்பரங்களில் கல்லுக்குப் பின்னால் கிளிமஞ்சாரோவின் பனிமுடியைப் போடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. எரிமலையான கிளிமஞ்சாரோவுக்கு வயது முப்பது லட்சம் ஆண்டுகளைத் தாண்டாது. இந்தக் கல் உருவானது சுமார் 58 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், கண்டங்கள் ஒன்றோடொன்று மோதிப் பெரிய மலைத்தொடர் எழும்பிய காலத்தில். அந்த மலைகள் தேய்ந்து காணாமலே போய்விட்டன. அவற்றின் அடிவேர்ப் பாறைதான் இப்போது மேலே தெரிவது. கிராஃபைட் நிறைந்த கரும்பாறை அது. அதிலிருந்து வந்த கொஞ்சம் வனேடியம் என்ற உலோகம், சோய்சைட் என்கிற கனிமத்துக்குள் புகுந்து அதற்கு நிறத்தைக் கொடுத்தது. சோய்சைட் ஒன்றும் அபூர்வமானதல்ல. ஆஸ்திரியாவின் சௌவால்பே மலையில் 1805-இலேயே கண்டெடுத்த கனிமம்தான். நீலமாக, கண்ணாடி போலத் தெளிவாக, பட்டை தீட்டும் அளவுக்குப் பெரிதாக விளைந்ததுதான் மெரெலானியில் மட்டும் நடந்தது.

கிராஃபைட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்திலிருந்து வெளியே வரும் தொழிலாளிகளின் படங்களில் முகம் முழுக்கப் பென்சில் கரி மாதிரி மினுங்குவது அதுதான். மூச்சில் போவதும் அதுதான்.

யார் முதலில் கண்டுபிடித்தார் என்பதில் இன்றைக்கும் இரண்டு பெயர்கள் சொல்லப்படுகின்றன. இரண்டும் 1967-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை.

ஜுமான்னே ங்கோமா என்ற உள்ளூர்க்காரர் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் குன்றடியில் நீலக்கற்களைப் பார்த்து எடுத்தார், அரசு அலுவலகத்தில் பரிசோதனைக்குக் கொடுத்தார் என்பது ஒன்று. மானுவல் டிசூசா, கோவாவைப் பூர்வீகமாகக் கொண்டவர், அருஷாவில் தையல்காரர், ஓய்வு நேரத்தில் கனிமம் தேடி அலைகிறவர். அவர் ஜூலை மாதம் அந்தக் கற்களைக் கண்டு, சுரங்க உரிமையைப் பதிவு செய்தார் என்பது இன்னொன்று. டிசூசா முதலில் அதை வேறு ஏதோ கனிமம் என்றே நினைத்தார். சோய்சைட் என்று தெரிய ஆய்வுக்கூடங்கள் தேவைப்பட்டன. 1969-இல் ஒரு சாலை விபத்தில் அவர் இறந்துபோனார். தன் கல்லின் புகழை அவர் பார்த்தது இரண்டே வருடம்தான்.

ங்கோமா நெடுநாள் வாழ்ந்தார். 1984-இல் அரசு அவருக்கு ஒரு சான்றிதழும் 50,000 ஷில்லிங்கும் கொடுத்தது. அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் யாரும் அவரைத் தேடவில்லை. 2018 ஏப்ரலில் அதிபர் ஜான் மகுஃபுலி பொதுமேடையில் அவரை அழைத்து 10 கோடி ஷில்லிங் அறிவித்தார். அதற்குள் அவர் உடல் தளர்ந்த முதியவர். 2019 தொடக்கத்தில் காலமானார்.

மசாய் மேய்ப்பர்கள் பற்றி ஒரு கதையும் சுற்றுகிறது. மின்னல் விழுந்து புல்வெளி பற்றி எரிந்ததாம், தரையில் கிடந்த பழுப்புக் கற்கள் நீலமாகிவிட்டனவாம், மாடுகளோடு திரும்பி வந்தவர்கள் கண்டார்களாம். கேட்க நன்றாக இருக்கிறது. வணிகர்கள் ஆசையாகச் சொல்வார்கள். ஆனால் ஊரும் பேரும் உள்ள ங்கோமா என்கிற மனிதரை விட்டுவிட்டு மின்னலுக்குப் பெருமை கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அதே 1967 பிப்ரவரியில்தான் அப்போதைய தான்சானிய அதிபர் ஜூலியஸ் நைரேரே அருஷா பிரகடனத்தை வெளியிட்டார். நாட்டின் வளம் நாட்டு மக்களுக்கே என்ற சோஷலிசப் பாதை. அறிவித்த ஊரும் அருஷா, அந்த ஆண்டே கல் கிடைத்ததும் அருஷாவுக்குப் பக்கத்தில். கல்லின் பின்கதை முழுக்க அந்தப் பிரகடனத்துக்கும் நியூயார்க் கடைவீதிக்கும் நடுவில் இழுபடுகிற கதையாகத்தான் எனக்குத் தெரிகிறது.

நியூயார்க்கில் டிஃபனி நகை நிறுவனத்தின் ஹென்றி பிளாட் கற்களைப் பார்த்து அசந்துபோனார். சோய்சைட் என்ற பெயரில் விற்க முடியாது என்று நாட்டின் பெயரையே வைத்து, 1968-இல் தான்சனைட் என்று சந்தைக்குக் கொண்டுவந்தார். இரண்டே இடத்தில்தான் கிடைக்கும், ஒன்று தான்சானியா, இன்னொன்று டிஃபனி என்பது அவர்கள் விளம்பரம். நல்ல விளம்பரம்தான். கல்லுக்கு உலகப் பெயர் கிடைத்தது அதனால்தான் என்பதை மறுக்க முடியாது. நாட்டின் பெயர் அமெரிக்கப் பெண்கள் கழுத்தில் ஏறியது. ஆனால் பணம் அந்த நாட்டுக்குள் வரவில்லை.

1971-இல் நைரேரே அரசு சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியது. நோக்கம் சரி. நடத்தத் தெரியவில்லை, முதலீடும் இல்லை. எண்பதுகளில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அவரவர் கடப்பாரையோடு வந்து குழி தோண்ட ஆரம்பித்தார்கள். 1990-இல் அரசு அவர்களை வெளியேற்றி, குன்றை ஏ, பி, சி, டி என்று நான்கு தொகுதிகளாகப் பிரித்தது. பியும் டியும் சிறு சுரங்கக்காரர்களுக்கு. சி பின்னாளில் பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனது.

இந்தச் சிறு சுரங்கங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

அங்கே தோண்டுகிறவர்களை வானாப்போலோ என்பார்கள். நிலாவுக்குப் போன அப்போலோ விண்கலத்தின் பெயரிலிருந்து வந்தது. இவர்கள் போவது எதிர்த்திசையில், பூமிக்குள், நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு. குறுகலான சாய்குழி, கயிறு, மர ஏணி, நெற்றியில் கட்டிய டார்ச். மாதச் சம்பளம் கிடையாது. உரிமம் வைத்திருக்கும் முதலாளி சாப்பாடும் வெடிமருந்தும் கருவியும் கொடுப்பார். கல் கிடைத்தால் விற்ற காசில் தொழிலாளிகளுக்கு ஒரு சிறு பங்கு. கிடைக்காவிட்டால் எதுவும் இல்லை. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், ஒன்றுமே கிடைக்காமல் போகும். பெரியவர்கள் நுழைய முடியாத பொந்துகளுக்குள் சிறுவர்களை அனுப்பினார்கள். சுவாஹிலியில் பாம்பைக் குறிக்கும் ‘ந்யோகா’ என்ற பெயரில்தான் அந்தப் பிள்ளைகள் அழைக்கப்பட்டார்கள்.

1998 ஏப்ரலில் எல் நினோ மழை கொட்டித் தீர்த்தது. குழிகள் ஒன்றோடொன்று உள்ளே தொட்டுக்கொண்டு இருந்ததால், ஒரு வாய் வழியாகப் புகுந்த வெள்ளம் அடுத்தடுத்த சுரங்கங்களையும் நிரப்பியது. இறந்தவர்கள் சுமார் நூறு பேர் என்று சொல்லப்பட்டது. பல உடல்களை மேலே கொண்டுவரவே முடியவில்லை. பத்து வருடம் கழித்து, 2008 மார்ச்சில், மறுபடியும் மழை, மறுபடியும் அதே சாவு, பத்துக்கணக்கில். இந்தப் பகுதியை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. முதல் வெள்ளத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இந்தக் கல்லை வைத்து உலகம் எவ்வளவோ செய்தது. மழைநீரைத் திருப்பிவிட ஒழுங்கான வடிகால் மட்டும் செய்யவில்லை.

நடுவில் உலகம் என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறேன். 2001 நவம்பரில் அமெரிக்காவின் ஒரு பெரிய நாளிதழ், தான்சனைட் வியாபாரத்துக்கும் அல்-காய்தாவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதியது. இரட்டைக் கோபுரம் விழுந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. டிஃபனி உட்பட பெரிய கடைகள் விற்பனையை நிறுத்தின. விலை விழுந்தது. அடுத்த பிப்ரவரியில் அரிசோனாவின் டூசான் கல் சந்தையில் எல்லாரும் கூடி, கல் வந்த வழியைக் கண்காணிக்க ஒப்பந்தம் செய்தார்கள். கல் வியாபாரம் அந்த அமைப்புக்கு நிதியாகப் போகிறது என்பதற்கு இப்போது ஆதாரம் இல்லை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையும் சொன்னது. அதே 2002-இல் அமெரிக்க ரத்தினக்கல் வணிகர் சங்கம், டிசம்பர் மாதப் பிறப்புக்கற்களில் தான்சனைட்டையும் சேர்த்தது. 1912-இல் போட்ட பட்டியலில் 1952-க்குப் பிறகு வந்த முதல் புதுச்சேர்க்கை அதுதான். ஒரே வருடத்துக்குள் தீண்டத்தகாத கல்லாகி, பிறகு பிறந்தநாள் பரிசாகவும் ஆகிவிட்டது. இதையெல்லாம் தீர்மானித்த எந்த அறையிலும் ஒரு வானாப்போலோவுக்கு நாற்காலி இருந்திருக்காது.

கச்சாக் கல்லில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்த இடம் நம் ஜெய்ப்பூர். சூடேற்றுவதும் பட்டை தீட்டுவதும் அங்கேதான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஜெய்ப்பூர்க்காரர்களின் கைத்திறனுக்கு நான் தினமும் நன்றி சொல்கிறவன். தான்சனைட்டைத் தீட்டுவது சாதாரண வேலையும் இல்லை. படிகத்தை எந்தத் திசையில் வைத்து வெட்டினால் மேலிருந்து நீலம் தெரியும், எந்தத் திசையில் ஊதா தெரியும் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். ஊதா தெரியும்படி வெட்டினால் பெரும்பாலும் எடை அதிகம் மிஞ்சும். ஆழ்ந்த நீலம் வேண்டும் என்றால் கல்லில் நிறையச் செதுக்கித் தள்ள வேண்டும். காசு கேரட் கணக்கில்தான். அதனால் நீலத்துக்காக எடையை இழக்கத் துணிந்த ஒரு கல்லைப் பார்க்கும்போது தீட்டியவர் மேல் மரியாதை வருகிறது. அதுவும் ஐந்து கேரட்டுக்கு மேல் இருந்தால்தான் நிறம் முழுசாக இறங்கும். சின்னக் கற்கள் பலதும் வெளிர் லாவண்டர் நிறத்தில் நின்றுவிடும்.

இதனால் தான்சானியாவுக்கு என்ன மிச்சம்? 2010-இல் ஒரு கிராமுக்கு மேற்பட்ட கச்சாக் கல்லை வெளியே அனுப்பக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். கென்ய எல்லை பக்கத்திலேயே இருக்கும்போது சட்டம் எவ்வளவு தடுக்கும்? உற்பத்தியில் ஏறத்தாழ 40 சதவீதம் கடத்தலில் போனது என்பது அரசே சொன்ன கணக்கு. 2017-இல் மகுஃபுலி ராணுவத்தைக் கூப்பிட்டு, மெரெலானியைச் சுற்றிச் சுவர் கட்டச் சொன்னார். 24 கிலோமீட்டர் சுவர், சில மாதங்களில் முடிந்தது. 2018 ஏப்ரலில் அதைத் திறந்த விழாவில்தான் ங்கோமாவை மேடைக்கு அழைத்தார்கள். தொழிலாளிகளைச் சோதனை போட்டு உள்ளே விடுகிற சுவர் அது. எனக்கு அதைப் பார்க்க மகிழ்ச்சி இல்லை. ஆனால் ஐம்பது வருடமாகக் கை நழுவிப்போன வளத்தைப் பிடித்து நிறுத்த ஒரு ஏழை நாடு வேறு என்ன செய்யும் என்று கேட்டால், என்னிடம் பதிலும் இல்லை.

2020 ஜூனில் சானினியு லைசர் என்ற சிறு சுரங்க உரிமையாளர் இரண்டு கற்களை அரசுக்கு விற்றார். மசாய் இனத்தவர். ஒரு கல் 9 கிலோவுக்கு மேல், இன்னொன்று 5 கிலோவுக்கு மேல். கேரட் இல்லை, கிலோ! அதுவரை பெரியது என்று சொல்லப்பட்ட கல் மூன்றரைக் கிலோவைத் தொடாதது. இரண்டுக்கும் சேர்த்து 770 கோடி ஷில்லிங்குக்கு மேல் கிடைத்தது, அமெரிக்க டாலரில் சுமார் 34 லட்சம். அதிபர் நேரலையில் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார். ஒரு மாடு வெட்டி விருந்து வைக்கப்போவதாக லைசர் சொன்னார். முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தகப்பன். தன் ஊரில் பிள்ளைகளைப் படிக்க அனுப்ப முடியாத ஏழைகள் நிறைய, அதனால் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் கட்டுவேன் என்றார். ஆகஸ்டில் 6.3 கிலோவில் மூன்றாவது கல்லும் கிடைத்தது.

உலகப் பத்திரிகைகள் இதை ஒரே இரவில் கோடீஸ்வரரான கதையாக எழுதின. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கல் கடத்தப்படாமல், நல்ல விலைக்கு, உள்ளூரிலேயே, பெயர் சொல்லி விற்கப்பட்டது. 1967-இல் ங்கோமாவுக்கு நடக்காமல் போனது லைசருக்கு நடந்தது. லைசர் முதலாளி, அவருக்காகத் தோண்டியவர்களின் பங்கு என்ன என்று கேட்க வேண்டும்தான். அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். கடைக்கு வரும் அம்மா ஒருவர், “ஏனுங்கண்ணா, நீலத்துக்குப் பதிலா இதைப் போட்டுக்கலாம்னு சொல்றாங்களே, சரிங்களா?” என்பார். ஜோதிடம் நான் பேசுவதில்லை. கல்லைப் பற்றித்தான் சொல்வேன். நீலக்கல்லின் கடினம் மோ அளவில் 9. இது ஆறரை. நம் வீட்டுத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணலே 7. தினமும் போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்க்கிற மோதிரத்தில் வைத்தால், சில வருடத்தில் பட்டை முனைகள் தேய்ந்து பொலிவு போய்விடும். அதோடு ஒரு திசையில் இது சுத்தமாகப் பிளந்துகொள்ளும். கல்லைப் பிடித்து நிறுத்தும் கம்பியை, அதாவது பிராங்கை, மடக்கும்போது அழுத்தம் ஒரு பக்கமாகப் போனால் என் கையிலேயே இரண்டாகலாம். ஒலி அதிர்வால் நகையைச் சுத்தம் செய்கிற அல்ட்ராசோனிக் தொட்டியில் போடவே கூடாது. பத்த வைக்கிற வேலை, அதாவது ஊதுகுழல் காட்டும் வேலை இருந்தால் கல்லைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். தோட்டிலும் பதக்கத்திலும் போடுங்கள், காலத்துக்கும் இருக்கும். மோதிரம்தான் வேண்டும் என்றால், சுற்றிலும் தங்க விளிம்பு வைத்த கட்டாகக் கேளுங்கள். கழுவ வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். நீலமும் ஊதாவுமாக மாறுவது பிடித்து, கையில் காசு குறைவு என்றால் ஐயோலைட் இருக்கிறது. நம் கரூர்ப் பக்கமே கிடைக்கிற கல். நிறம் கொஞ்சம் மங்கல், ஆனால் அதற்கென்று ஒரு அழகு உண்டு.

போலிகளும் உண்டு. ஃபார்ஸ்டரைட் என்ற வேறொரு கனிமத்தைச் செயற்கையாகச் செய்து தான்சனைட் என்று விற்கிறார்கள். பத்து மடங்கு லென்ஸில் மேலிருந்து உள்ளே பார்த்தால், பின்பக்கப் பட்டைக் கோடுகள் இரட்டை இரட்டையாகத் தெரியும். தான்சனைட்டில் அப்படி எடுப்பாகத் தெரியாது. வண்ணக் கண்ணாடியில் எப்படித் திருப்பினாலும் ஒரே நிறம்தான். சூடேற்றிய கல்லா என்று பயப்படத் தேவையில்லை. அநேகமாக எல்லாமே சூடேற்றியதுதான், நிறமும் நிலையானது. மேலே பூச்சு பூசிய கற்கள் வருவதுதான் கவலை. அது தேய்ந்து போகும், அதனால் பெரிய தொகை என்றால் ஆய்வுக்கூடச் சான்று கேளுங்கள்.

தீர்ந்துபோகும் என்ற பேச்சு? ஒரே குன்று, அதனால் ஒருநாள் தீரும் என்பது உண்மைதான். ஒரு தலைமுறைக்குள் என்று சொல்லத் தொடங்கி ரொம்ப காலம் ஆகிறது, கல் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. முதலீடு என்று நினைத்து வாங்குகிறவர்களிடம் நான் வேண்டாம் என்றே சொல்வேன். திரும்ப விற்கப் போனால் நம் ஊரில் யார் என்ன விலைக்கு எடுப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நிறம் பிடித்திருந்தால் வாங்குங்கள். வாங்கும்போது எங்கே தீட்டியது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அருஷாவில் உள்ளூர் இளைஞர்களுக்குப் பட்டை தீட்டக் கற்றுக்கொடுக்கும் அரசு மையம் ஒன்று இருக்கிறது. அங்கே தீட்டிய கற்கள் இன்னும் என் மேசைக்கு வரவில்லை. வாங்குகிறவர்கள் கேட்கக் கேட்கத்தான் வியாபாரிகள் அங்கிருந்து வரவழைப்பார்கள்.